தேநீர்க் கம்பெனி திறந்த கதவு



கணினித் துறை வேலை விளம்பரங்களில் ஒரு வரி அநேகமாகத் தவறாமல் இருக்கும்: குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் தேவை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிறுவனங்களே வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவருக்கு எழுகிறது. பாலிடெக்னிக் முடித்தவருக்கும், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனவருக்கும், குழந்தை பிறந்தபின் ஐந்தாறு ஆண்டு வேலையை விட்டிருந்த பெண்ணுக்கும் எழுகிறது.

இந்தப் பேச்சு அவர்களைப் பற்றியது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையும் அல்ல, பெங்களூரும் அல்ல. லண்டன் நகரின் ஹாமர்ஸ்மித் பகுதியில் கேட்பி ஹால் என்ற இடத்தில் இயங்கிவந்த ஒரு தேநீர்க் கம்பெனியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜே. லயன்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். கேக், ரொட்டி, ஐஸ்கிரீம் செய்து விற்றது; பிரிட்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகளை நடத்தியது. ஒரு கோப்பைத் தேநீரில் நிற்கும் லாபம் மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்ப லாபத்துக்கும் ரசீது உண்டு, கணக்கு உண்டு, அதைச் சரிபார்க்க ஒரு எழுத்தர் உண்டு. சில்லறை வியாபாரம் பெருகப் பெருக எழுத்தர் படையும் பெருகியது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1923-ல் அங்கே சேர்ந்த ஜான் சிம்மன்ஸ் என்பவருக்கு இந்தச் செலவை எப்படிக் குறைப்பது என்பதே நெடுநாள் சிந்தனை. 1947-ல் அந்நிறுவனத்தின் அதிகாரிகளான ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டும் ரேமண்ட் தாம்சனும் அலுவலக முறைகளைப் பார்த்துவர அமெரிக்கா போனார்கள். பிரின்ஸ்டனில் கணினி முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் மின்னணுக் கணினி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று அவர் வழிகாட்டினார்.

கேம்பிரிட்ஜ் பணிக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்தது; உதவிக்குத் தன் ஊழியர் ஒருவரையும் அனுப்பியது. எட்சாக் என்ற அந்தக் கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக இயங்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு தேநீர்க் கம்பெனி தனக்கென ஒரு கணினி கட்டியது. ‘லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆஃபீஸ்’ என்பதைச் சுருக்கி அதற்கு லியோ என்று பெயர். ஏறத்தாழ 6,000 வால்வுகள்; நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய 64 குழாய்கள். 1951 நவம்பர் கடைசியில், ரொட்டி, கேக் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை எழுத்தர்களிடமிருந்து லியோ முழுதாக எடுத்துக்கொண்டது. அன்றாட வணிகக் கணக்கை வாரந்தோறும் முறையாகப் போட்ட முதல் கணினி இதுதான். பல்கலைக்கழகமோ ராணுவமோ செய்யாததை ஒரு கேக் கம்பெனி செய்தது.

இயந்திரம் தயார். அதற்கு நிரல் எழுதுவது யார்?

அனுபவமுள்ள நிரலாளர் என்று பிரிட்டன் முழுவதும் தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைத்திருப்பார்கள். வணிகக் கணக்குக்கு நிரல் எழுதியவர் என்றால் ஒருவரும் இல்லை. லயன்ஸ் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தது. முதல் நிரல்களை எழுதிய டெரெக் ஹெமி, லியோ ஃபாண்டில், ஜான் குரோவர் மூவரும் அந்த அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர்கள். அவர்களை வழிநடத்திய டேவிட் கேமினர் பட்டம் பெறாதவர். 1936-ல் பயிற்சியாளராகச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஒரு காலை இழந்து திரும்பி, அலுவலக நடைமுறைகளை ஆராயும் பிரிவைக் கவனித்துவந்தவர். ஒரு பணியைக் கூறு கூறாகப் பிரித்து, யாரிடமிருந்து எந்தத் தாள் யாருக்குப் போகிறது என்று வரைந்து காட்டும் வேலையை அவர் கணினி வருமுன்பே செய்துகொண்டிருந்தார். இன்று ‘சிஸ்டம் அனாலிசிஸ்’ என்று பாடப் புத்தகம் சொல்வதன் ஆரம்பங்களில் ஒன்று அந்த அலுவலக மேசை.

வேலை கூடியது, ஆள் போதவில்லை. 1952-ல் லயன்ஸ் ஒரு காரியம் செய்தது. தன் ஊழியர்களில் விருப்பமுள்ளவர்களைச் சேர்த்து ஒரு வாரப் பயிற்சி வகுப்பு நடத்தியது. பகலில் விரிவுரை, மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துவர வேண்டிய கணக்குகள். கணினி எப்படி எண்ணைச் சேமிக்கிறது, கட்டளையை எந்த வரிசையில் நிறைவேற்றுகிறது என்பதை முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சிறு சிறு நிரல்களை எழுதச் சொன்னார்கள். வகுப்பு கடினமானது. யார் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறார், யார் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறார், யார் நாளுக்கு நாள் முன்னேறுகிறார் என்று உடனிருந்து பார்த்தார்கள். அந்த வகுப்பிலிருந்து வேலைக்கு அழைக்கப்பட்டவர்களில் இருவரின் கதை சொல்லத் தக்கது.

ஒருவர் மேரி பிளட். பின்னாளில் மேரி கூம்ப்ஸ். 1929-ல் லண்டனில் பிறந்தவர். குவீன் மேரி கல்லூரியில் அவர் படித்தது பிரெஞ்சு மொழி. கணிதமும் இல்லை, அறிவியலும் இல்லை. அவருடைய தந்தை லயன்ஸில் மருத்துவராக இருந்தார். அந்த வகையில் ஐஸ்கிரீம் விற்பனைப் பிரிவில் விடுமுறைக்கால வேலைக்கு வந்தார். வகுப்பில் சேர்ந்தார், தேர்வானார், வணிக நிரலாளராகப் பணிபுரிந்த முதல் பெண் என்று இன்று வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார். லயன்ஸ் ஊழியர்களின் சம்பளப் பட்டியல் நிரலில் அவர் பணியாற்றினார். ஒரு ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட அனுபவமுள்ள எழுத்தருக்கு 8 நிமிடம் ஆனது. லியோ அதை ஒன்றரை நொடியில் முடித்தது. மற்றவர்கள் எழுதிய நிரல்களைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் பொறுப்பையும் பின்னாளில் மேரி ஏற்றார்.

இன்னொருவர் ஃபிராங்க் லேண்ட். பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சிக்குத் தப்பி 1939-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தவர். பொருளியல் படித்துவிட்டு லயன்ஸில் புள்ளிவிவரக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரும் அதே வகுப்பின் வழியாக உள்ளே வந்தார். பின்பு லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போய், பிரிட்டனில் தகவல் அமைப்புத் துறையின் முதல் பேராசிரியரானார். ஒரு வார வகுப்பில் தொடங்கியது அந்தப் பயணம்.

இந்த வகுப்பில் கவனிக்க வேண்டியது அதன் வரிசைமுறை. முதலில் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு தேர்ந்தெடுத்தார்கள். வந்தவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை அவர்கள் அளக்கவில்லை. கற்றுக்கொடுத்தால் எவ்வளவு ஏறுகிறது என்பதை அளந்தார்கள். அனுபவமில்லாத ஒருவரைப் பற்றி நேர்மையாக அறியக்கூடியது அது ஒன்றுதான்.

இதற்கு எதிரான வழியும் அதே பத்தாண்டில் பிறந்தது. ஐபிஎம் நிறுவனம் 1955-ல் நிரலாளர் திறனறி தேர்வு ஒன்றை உருவாக்கியது. எண் வரிசை, உருவப் புதிர், கணக்கு என்று குறுகிய நேரத்தில் முடிக்க வேண்டிய தாள். சுலபமாக நடத்தலாம், ஆயிரம் பேரை ஒரே நாளில் வடிகட்டலாம் என்பதால் அது எங்கும் பரவியது. அந்த மதிப்பெண்ணுக்கும் வேலையில் காட்டிய திறமைக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சொல்லின. இருந்தும் தேர்வு நிலைத்துவிட்டது. இன்று நம் ஊர் ‘ஆஃப் கேம்பஸ்’ முகாம்களில் வைக்கப்படும் ‘ஆப்டிட்யூட் ரவுண்டு’ அதன் வழித்தோன்றல். ரயில் எத்தனை நொடியில் நடைமேடையைக் கடக்கும் என்ற கணக்கைப் போடத் தெரிந்தவர் நல்ல நிரல் எழுதுவார் என்பதற்கு என்ன ஆதாரம்?

லியோவின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அது இன்னும் முக்கியமானது.

தேநீர்க் கடைகளுக்கு அன்றன்று எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கேக் அனுப்புவது என்பது லியோவிடம் 1954-ல் ஒப்படைக்கப்பட்ட வேலை. ஒவ்வொரு கடையும் தினமும் முழுப் பட்டியலைச் சொல்லி, அதையெல்லாம் அட்டையில் துளையிட்டு ஏற்றினால் இயந்திரத்தின் வேகத்தால் பயனே இல்லை. அதனால் வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் கடைவாரியாக ஒரு வழக்கமான பட்டியலை முன்கூட்டியே வைத்துக்கொண்டார்கள். கடை மேலாளரான பெண்மணி தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். மழை வரும்போல இருக்கிறது, பக்கத்தில் திருவிழா, ஆகவே இது இத்தனை குறைவு, அது இத்தனை அதிகம் என்று சொல்வார். மறுமுனையில் இருப்பவர் கேட்டுக்கொண்டே அட்டையில் துளையிடுவார். மாறியதை மட்டும் பதிவுசெய், மற்றதை வழக்கப்படி விடு என்ற இந்த எளிய யோசனை மின்னணுவியல் அறிவிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒரு கடையின் தேவை பெரிதாக மாறாது என்பது கடை வியாபாரம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அனுபவமில்லை என்று தலைகுனிந்து நிற்கும் பலரிடம் இந்த வகை அறிவு இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டு கணக்கு எழுதிய ஒருவருக்கு, எந்தத் துணி எந்த ‘ஜாப் ஒர்க்’ யூனிட்டுக்குப் போனது, எவ்வளவு திரும்பியது, எங்கே கணக்கு உதைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. மருத்துவமனையில் ‘பில்லிங்’ மேசையில் இருந்தவருக்குக் காப்பீட்டுக் கோரிக்கை எந்தக் காரணத்தால் திரும்பி வரும் என்று தெரியும். இவற்றை எந்தக் கணினிக் கல்லூரியும் சொல்லித்தருவதில்லை. மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்துக்கு இத்தகைய ஆள் கிடைப்பது அரிது. ஆனால் இவர்களோ ‘ரெஸ்யூமே’ எழுதும்போது அந்த நான்கு ஆண்டுகளையும் ஒரே வரியில் ஒளித்துவிட்டு, மூன்று மாதம் படித்த பைத்தான் நிரல்மொழியை மேலே பெரிதாகப் போடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். தெரிந்த தொழிலை முன்வைத்து, அதில் கண்ட ஒரு சிக்கலைத் தீர்க்கும் சிறு நிரலைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஒரே ஒரு கம்பெனியின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதுதான் நடந்தது. எனியாக் என்ற 18,000 வால்வு இயந்திரத்துக்கு 1945-ல் பென்சில்வேனியாவில் ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். பீரங்கிக் குண்டின் பாதையைக் கையால் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள். ராணுவ ரகசியம் என்பதால் முதலில் இயந்திரத்தைப் பார்க்கவே அவர்களுக்கு அனுமதியில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். படித்தார்கள். 1946 பிப்ரவரியில் நடந்த செயல்விளக்கத்தில், குண்டு இலக்கை அடையும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அதன் பாதையை எனியாக் கணக்கிட்டுக் காட்டியது. அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்கு அந்த ஆறு பேரையும் அழைக்கவில்லை. அவர்கள் பெயர் வெளியே தெரிய ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆயிற்று.

அனுபவம் இல்லாதவர் ஒரு வகை. அனுபவம் இருந்தும் இல்லாதவராக நடத்தப்படுபவர் இன்னொரு வகை. நம் வீடுகளில் இந்த இரண்டாம் வகையினர் நிறைய இருக்கிறார்கள் என்பதால் ஸ்டெஃபனி ஷர்லியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜெர்மனியின் டார்ட்முண்டில் 1933-ல் யூதத் தந்தைக்குப் பிறந்தவர் அவர். 1939-ல் ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றோர் இல்லாமல் அகதிக் குழந்தைகளின் ரயிலில் லண்டன் வந்து இறங்கினார். பதினெட்டு வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லூரிக்குப் போகவில்லை. ஆறு ஆண்டு மாலை வகுப்பில் படித்துக் கணிதப் பட்டம் பெற்றார். நிரல் எழுதுவதை வேலையிலேயே கற்றார். பெண் என்பதால் ஒரு எல்லைக்கு மேல் வளரவிட மாட்டார்கள் என்று கண்டதும், 1962-ல் 6 பவுண்டு முதலீட்டில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி ஸ்டீவ் என்று போட்டார், பதில் வந்தது.

அவர் வேலைக்கு எடுத்தது யாரை? திருமணத்தாலோ பிரசவத்தாலோ வேலையை விட்ட பெண்களை. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். வீட்டிலிருந்தபடி பென்சிலால் தாளில் நிரல் எழுதி அனுப்புவார்கள். தொலைபேசியில் வாடிக்கையாளர் பேசும்போது குழந்தை அழும் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார் ஷர்லி. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இப்படி வீட்டிலிருந்த பெண்கள் எழுதியதே. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1975-ல் வந்தபோது, ஆண்களுக்கும் இடம் கொடுக்க வேண்டிய நிலை அந்த நிறுவனத்துக்கு ஏற்பட்டது. வீட்டிலிருந்து வேலை என்பதை 2020-ன் பெருந்தொற்றுக் காலம் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

பிறகு எப்படி அனுபவம், பட்டம் என்ற சுவர் எழுந்தது? கணினி பாடமாயிற்று. 1953-ல் கேம்பிரிட்ஜ் பட்டயப் படிப்பு தொடங்கியது. 1962-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் தனித் துறை அமைத்தது. பட்டம் பெற்றவர்கள் வரத் தொடங்கியதும் நிறுவனங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் சிரமம் குறைந்தது. பட்டம் வீணென்று இங்கே யாரும் சொல்லவில்லை. இயங்குதளம் எழுதவும், தரவுத்தளத்தின் உள்ளுறுப்பைக் கட்டவும் ஆழ்ந்த படிப்பு வேண்டும். ஆனால் சம்பளப் பட்டியலையும் கடைக் கணக்கையும் எழுதவும் அதே சான்றிதழைக் கேட்பது சோம்பல். இந்தியாவின் பெருநிறுவனங்களே இதற்குச் சாட்சி. சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, இன்ஃபோசிஸின் மைசூரு வளாகம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துத்தான் நிரலாளர் ஆக்குகிறார்கள். அப்படியானால் அனுபவமில்லாதவருக்குக் கற்பிக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வாய்ப்பு சில கல்லூரிகளின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

பட்டம் கேட்க மாட்டோம், திறமையைத்தான் பார்ப்போம் என்று அமெரிக்க நிறுவனங்கள் பல அறிவித்தன. உண்மையில் என்ன நடந்தது என்று ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பார்த்து 2024-ல் அறிக்கை வெளியிட்டன. அந்த அறிவிப்புகளால் உண்மையாகவே பயனடைந்தவர், வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை. விளம்பரத்திலிருந்து ஒரு வரியை நீக்கினால் மட்டும் போதாது; கற்பித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

அப்படிப்பட்ட ஏற்பாடுகள் சில இருக்கின்றன, நம் அருகிலேயே. சோஹோ நிறுவனம் 2004-ல் சென்னையில் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டு கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் கற்பித்து வேலையில் சேர்த்துக்கொள்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அது நடக்கிறது. வேலையை விட்டு இடைவெளி விழுந்த பெண்களுக்கு ‘மறுபடி’ என்ற பெயரில் தனிப் பயிற்சியும் உண்டு. பாரிஸில் 2013-ல் சேவியே நியேல் தொடங்கிய 42 என்ற பள்ளியில் ஆசிரியரும் இல்லை, கட்டணமும் இல்லை, சான்றிதழும் கேட்பதில்லை. நான்கு வாரம் இரவுபகலாக நிரல் எழுதவிட்டு, தாக்குப்பிடித்து முன்னேறியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பும் இதே வரிசையில் வருவது. பன்னிரண்டாம் வகுப்பு தேறி, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ தேர்வு எழுதியிருக்க வேண்டியதில்லை. வயது வரம்பும் இல்லை. நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள், வாராவாரம் பயிற்சி கொடுக்கிறார்கள், அந்த நான்கு வாரப் பாடத்தில் மட்டும் தேர்வு வைக்கிறார்கள். தேறியவருக்கு இடம் உண்டு. இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பு இல்லை. குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகை உண்டு. இது கிராமத்துப் பள்ளிகள்வரை போய்ச் சேர வேண்டிய செய்தி.

இந்த வழிகள் எதுவும் அமையாதவர் என்ன செய்வது? தன் வேலைக்கான சாட்சியைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். யூடியூபில் பார்த்து எழுதிய ‘டூ-டூ லிஸ்ட்’ சாட்சியாகாது. அது எல்லோரிடமும் இருக்கிறது. உண்மையான ஒரு ஆள் உண்மையாகவே பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருள் வேண்டும். தெருமுனை மருந்துக்கடையில் காலாவதித் தேதி நெருங்கும் மருந்துகளைக் காட்டும் நிரல். டியூஷன் சென்டரின் கட்டணப் பதிவேடு. பால் சங்கத்தின் வாரக் கணக்கு. பயன்படுத்துபவர் மூன்றாம் நாளே வந்து, இது வேலை செய்யவில்லை தம்பி என்பார். அவர் பெயரை ஆங்கிலத்தில் தட்டியிருப்பார், தேதியை மாற்றிப் போட்டிருப்பார், நடுவில் மின்சாரம் போயிருக்கும். இவற்றைச் சரிசெய்வதுதான் அனுபவம். விளம்பரத்தில் கேட்கும் அந்த இரண்டு ஆண்டும் இத்தகைய நாட்களால் ஆனவைதான். செய்த மாற்றங்களை நாள்வாரியாக கிட் கருவியில் பதிந்து, கிட்ஹப் இணையதளத்தில் எல்லோரும் பார்க்க வைத்தால், நேர்காணல் செய்பவர் மதிப்பெண் பட்டியலைவிட அதைக் கூர்ந்து பார்ப்பார்.

கட்டற்ற மென்பொருள் இன்னொரு நல்ல வழி. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரேஆஃபிஸும் தமிழில் பேசுவது தன்னார்வலர்களால். ஒரு பிழையைக் கண்டு, அது எப்போது நேர்கிறது, எந்தப் படிகளில் மீண்டும் வருகிறது என்று தெளிவாக எழுதி அனுப்புவதே முதல் பங்களிப்பு. அதற்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறகு சிறு திருத்தம், அதை மூத்தவர் ஒருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லுதல், மீண்டும் திருத்துதல் என்று போகும். காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி இது. தமிழில் 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதைச் சார்ந்த அறக்கட்டளையும், ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் வந்த இலவச மின்னூல்களும், தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகமும் ஆங்கிலம் தடையாக இருப்பவருக்குப் பெரிய துணை. ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அதைக் கற்றுமுடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிப் புதியவருக்கு இடமுண்டா என்ற அச்சம் இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது. அச்சத்துக்குக் காரணமில்லை என்று சொல்லிவிட முடியாது. புதியவர்களுக்கு முன்பு கொடுத்துவந்த சில்லறை வேலைகளை இயந்திரம் செய்கிறது. ஆனால் அது எழுதித் தருவதைப் படித்து, இது எங்கே தவறும் என்று சொல்ல ஆள் வேண்டும். லியோ காலத்தில் கேமினர் ஒரு விதியை விடாப்பிடியாகக் காத்தார்: ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்க்காமல் இயந்திரத்தில் ஏற்றக் கூடாது. மேரி கூம்ப்ஸ் செய்துவந்த அந்தச் சரிபார்க்கும் வேலைக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது. புதிதாக வருபவர் எழுதப் பழகும் அளவுக்குப் பிறர் எழுதியதைப் படிக்கவும் பழக வேண்டும். இயந்திரம் கொடுத்ததைத் தன் வாயால் வரிக்கு வரி விளக்க முடியாதவர் அதைத் தன் வேலை என்று காட்டக் கூடாது.

எச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ‘ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ்’ ஒரு வியாபாரமாகவே நடக்கிறது. இல்லாத கம்பெனியின் பெயரில் மூன்று ஆண்டு சான்றிதழ், சம்பளச் சீட்டு, விசாரித்தால் பதில் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. நிறுவனங்கள் இப்போது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணி விவரத்தைச் சரிபார்க்கின்றன. வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்தும் பிடிபட்டு வெளியேறியவர்கள் உண்டு. வேலைக்கு முன்பணம், பயிற்சிக்கு வைப்புத்தொகை, அசல் சான்றிதழைக் கொடு என்று கேட்கும் எவரிடமிருந்தும் எழுந்து வந்துவிட வேண்டும். 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவதி பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, அரசு தலையிட்டு மீட்கப்பட்டார்கள். வேலை இல்லாத அவசரத்தைத்தான் இந்த மோசடிக்காரர்கள் எல்லோரும் விலையாக்குகிறார்கள். பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். எப்போது வேலை, எப்போது வேலை என்று வீட்டில் தினமும் கேட்கும் கேள்வி பிள்ளையை எங்கே தள்ளும் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

முதல் வேலை ‘சப்போர்ட்’ மேசையாக இருந்தால் தயங்க வேண்டாம். வாடிக்கையாளர் எதில் தடுமாறுகிறார் என்று அங்கே இருப்பவருக்குத் தெரிவது, அறைக்குள் நிரல் எழுதுபவருக்குத் தெரியாது. அந்தத் தடுமாற்றங்களைக் குறித்துவைத்து, ஒன்றிரண்டைத் தானே நிரல் எழுதித் தீர்த்துக் காட்டியவர்கள் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார்கள். ‘டெஸ்டிங்’ வழியாக வந்தவர்களும் அப்படியே.

இளைஞர்களுக்கு ஆயிரம் அறிவுரை சொல்லியாயிற்று. சொல்ல வேண்டியது மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு. சென்னை, கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் அன்பர்களே, அடுத்த முறை ஆள் தேடும்போது, ஐந்து இடத்தில் ஒன்றையாவது அனுபவமும் பட்டமும் கேட்காமல் திறந்து வையுங்கள். ஒரு வாரம் உங்கள் அலுவலகத்திலேயே வகுப்பு நடத்துங்கள். மாலையில் பயிற்சி கொடுத்து அனுப்புங்கள். உங்கள் மூத்த நிரலாளர் ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும். வருபவருக்கு அந்த வாரத்தின் பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் நீங்களே கொடுங்கள். கணினிக் கூடம் வைத்திருக்கும் கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளியாருக்குத் திறந்துவிடட்டும். இதற்கு அரசாணை தேவையில்லை, அடுத்த மாதமே தொடங்கலாம்.